கப்பல்களுக்குப் படம் இருக்கு, எங்கட வீடுகளுக்கு?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் திருகோணமலையின் படங்களைத் தேடினால் நிறையவே கிடைக்கும். லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் எங்கட துறைமுகம் இருக்கு: விமானந்தாங்கிக் கப்பல்கள், அதிகாரிகள், மாலுமிகள். 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதும் புத்தகங்களில் இருக்கு. ஆனால் அண்டைக்கு உட்துறைமுகப் பக்கத்து வீடுகளில் அடுப்பில் என்ன இருந்தது, யார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினது? அதுக்குப் படம் தேடினால் வெறுங்கையோடதான் திரும்ப வேணும்.

கமரா யார் கையில் இருந்தது என்பது ஒரு காரணம். ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலேயப் பெண் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்தவர். ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். முகங்கள் இன்னும் உயிரோட இருக்கு. ஆனால் ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதோடு முடியுது. பெயர் இல்லை. அது யாருடைய பூட்டி எண்டு அந்தத் தலைப்பை வைச்சுச் சொல்ல ஏலாது.

பிறகு ஊருக்கு ஸ்டூடியோ வந்தது. கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் அல்பத்தில் ஏறின. அந்த அல்பங்களில் எத்தனையோ இடம்பெயர்வுகளில் போயிட்டுது. மிச்சத்தில் கொஞ்சத்தை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது. ஓடுற நேரத்தில் அடையாள அட்டைதான் முதலில் கைக்கு வரும்.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் எண்டு ஒருவர். பாட் கல்லூரியில் படிக்கேக்கை, 1979 மார்ச் 31 இல் போலரொயிட் கமராவால் நாளுக்கு ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசை, தெரு, நண்பர்கள், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில். 1997 ஒக்டோபர் 25 இல், தன் 41 ஆவது பிறந்தநாளில் இறக்கும்வரை நிறுத்தவில்லை. எல்லாமாக 6,697 படங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அதில் பல சாதாரணமானவை. திகதிப்படி அடுக்கினபோதுதான் ஒரு மனிதனின் பதினெட்டு வருச வாழ்க்கை தெரிஞ்சது. நண்பர்கள் 2007 இல் அதே கல்லூரியில் கண்காட்சியாக வைத்தார்கள்.

இதை வாசிச்ச பிறகு நாங்களும் நாளுக்கு ஒரு படம் எடுக்கிறம். ஃபோன்தான் கமரா. திருக்கடலூர்க் கரையில் வலை பிரிக்கிற மாமா, குசினியில் மீன் வெட்டுற சித்தி. மூன்று விதிகள் வைச்சிருக்கிறம்: கேட்டுத்தான் எடுக்கிறது, திகதி, இடம், பெயர் மூன்றையும் அண்டைக்கே எழுதுறது, மாதம் முடிய இரண்டு வேறு இடங்களில் பிரதி வைக்கிறது. ஃபோன் தண்ணிக்குள் விழுந்தால் அதுவும் ஒரு சின்னச் சுனாமிதானே.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா முதல்நாளே மறுத்திட்டா. "முகம்கூடக் கழுவேல்லை, என்னை எடுத்து என்ன செய்யப்போறாய்?" மூன்றாம் நாள் தானாகவே கூப்பிட்டா. சிரட்டை அகப்பையோட அடுப்படியில் நிண்டு, முதலில் தன்ர முழுப்பெயரைச் சொல்லி எழுதச் சொன்னா.