காயலான் கடைக்குப் போகாத கார்

1979 செப்டம்பர். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே இருக்கும் அபிங்டன் என்ற சிறிய ஊரில் கொண்டாட்டம். அந்த ஊருக்கு எம்.ஜி. கார் தொழிற்சாலை வந்து 50 வருடம் ஆகியிருந்தது. பழைய கார்களைத் துடைத்து மெருகேற்றி ஊர்வலம் விட்டார்கள். விழா முடிந்த கையோடு, செப்டம்பர் 10-ம் தேதி, முதலாளியான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: தொழிற்சாலை மூடப்படுகிறது. அடுத்த வருடம் அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. கார் வெளியே வந்தது. அத்தோடு கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள்.

வழக்கமாக ஒரு காரின் கதை இங்கேயே முடிந்துவிடும். கம்பெனி மூடினால் உதிரிபாகம் கிடைக்காது. உதிரிபாகம் இல்லாவிட்டால் வண்டி ஓடாது. ஓடாத வண்டி காயலான் கடைக்குப் போகும். ஆனால் எம்.ஜி.பி. போகவில்லை. தொழிற்சாலை மூடி எட்டு வருடம் கழித்து, அதே காரின் பாடி மறுபடியும் புத்தம் புதிதாகச் செய்யப்பட்டது. அதைச் செய்ய வைத்தவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. சனி, ஞாயிறுகளில் வீட்டு ஷெட்டுக்குள் ஸ்பானரோடு குனிந்து கிடந்த சாதாரண ஆட்கள்தான்.

பெயர் வந்த கதை

வில்லியம் மோரிஸ் என்பவர் இங்கிலாந்தின் பெரிய கார் முதலாளிகளில் ஒருவர். ஆக்ஸ்ஃபோர்டில் கார் விற்கவும் பழுது பார்க்கவும் அவர் வைத்திருந்த கடையின் பெயர் மோரிஸ் கராஜஸ். 1922-ல் அதற்கு மேலாளராக வந்தவர் செசில் கிம்பர். சாதாரண மோரிஸ் கார்களை வாங்கி, அவற்றின் மேல் அழகான, எடை குறைந்த பாடி கட்டி, கொஞ்சம் வேகம் கூட்டி விற்க ஆரம்பித்தார். கடைப் பெயரின் முதல் எழுத்துகளே எம்.ஜி. ஆனது. 1929-ல் தொழில் அபிங்டனுக்கு இடம் மாறியது.

குடும்பக் காரின் பாகங்களை எடுத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்வது என்ற கிம்பரின் வழிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் ஆயிரக்கணக்கில் தயாராகும் சாதாரண சரக்கு. அதனால் விலை குறைவு. பழுது பார்ப்பதும் சுலபம்.

இந்த என்ஜின் குடும்பத்தில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரில் இருந்தது 'பி சீரீஸ்' என்ற 1489 சிசி என்ஜின். 1959 முதல் நம் ஊர் அம்பாசடரில் வந்ததும் அதே வகை 1489 சிசி என்ஜின்தான். எம்.ஜி.பி.யில் அதையே பெரிதாக்கி 1798 சிசி ஆக்கினார்கள். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரும், கல்யாண வீட்டுக்குப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போன அம்பாசடரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்!

கடல் கடந்த மோகம்

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்தக் குட்டிக் கார்களின் மேல் ஆசை வந்தது. அவர்கள் ஊரில் கார் என்றால் படகு மாதிரி நீளம். 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. சுமார் 10,000 கார்களில் ஏறக்குறைய 2,000 அமெரிக்காவுக்குப் போயின. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் டி.சி. கடைசி வரை வலப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே தயாரானது. அப்படியும் வாங்கினார்கள்.

போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் அவசரத் தேவை. ஏற்றுமதி செய்பவர்களுக்குத்தான் இரும்புத் தகடு ஒதுக்கீடு. ஆகவே எம்.ஜி.யின் வாழ்வு அமெரிக்காவை நம்பியே வளர்ந்தது. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் தயாராயின. அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு.

ஒரே வாடிக்கையாளரை நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்க அரசு பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. 1974-ல் பளபளப்பான குரோம் பம்பர் போய், பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. விதிக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவுகளில் ஓட்டும் சுகம் குறைந்தது. 1979-ல் பவுண்டின் மதிப்பு ஏறியதும், அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் நட்டம் என்றது நிறுவனம். எம்.ஜி. பிரியர்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத் தலைவர் ஆலன் கர்டிஸ் ஒரு குழு சேர்த்துத் தொழிற்சாலையை வாங்க முயன்றார். எதுவும் பலிக்கவில்லை.

துருவோடு சண்டை

தொழிற்சாலை போனது ஒரு கவலை. துரு அதைவிடப் பெரிய கவலை.

எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேஸி கிடையாது. பாடியே எடையைத் தாங்கும். அதிலும் முக்கியமான இடம், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடும் 'சில்' என்ற பகுதி. மேலே கூரை இல்லாத கார் என்பதால், இரண்டு பக்கமும் இருக்கும் இந்தப் பெட்டிகள்தான் முதுகெலும்பு. பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பெட்டிக்குள் புகுந்து உட்பக்கத்திலிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஓட்டை.

அவசரக்காரப் பட்டறைகள் துருவை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடும். இரண்டு வருடத்தில் புதுத் தகடும் போய்விடும்.

முறையாகச் செய்பவர் சில்லை வெட்டுவதற்கு முன்னால், கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்ததைக் கவனிக்காமல் வெல்டிங் செய்தால், பிறகு கதவு சாத்தாது. ஆகவே வெல்டிங் வைப்பதற்கு முன், கதவை மாட்டிப் பார்த்து இடைவெளி சரியா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசியில் பெட்டியின் உட்புறம் மெழுகு பீய்ச்சி அடைக்க வேண்டும். என்ஜினைப் பிரித்து மாட்டுவதைவிட இந்த டிங்கரிங் வேலைதான் அதிக நாள் இழுக்கும்.

வண்டி முடிந்த பிறகும் வேலை தீராது. முன் சக்கர மூட்டுகளுக்கு அடிக்கடி கிரீஸ் ஏற்ற வேண்டும். இரட்டைக் கார்பரேட்டர்கள் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி ஆரச் சக்கரம் உள்ள காரானால் ஆரக்கம்பிகள் தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டாமல் மூடி வைத்தால் இன்னும் கெடும். பிரேக் இறுகிவிடும், பெட்ரோல் கெட்டுப்போகும், ரப்பர் சீல்கள் காய்ந்துவிடும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஓட்டிக்கொண்டே இருப்பதற்கு ஆசை மட்டும் காரணம் இல்லை.

அச்சுகளைத் தேடி

1980-களில் இப்படி ஒட்டுப் போட்டே ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒட்டுவதற்கே இடம் இல்லாமல் போனது. தேவைப்பட்டது முழு பாடி. அதைச் செய்ய, தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் டை எனப்படும் அச்சுகள் வேண்டும். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள இரும்பு. புதிதாகச் செய்ய ஏகப்பட்ட பணம் ஆகும். பழையதை இரும்பு விலைக்குப் போட்டால் உடனே காசு. எந்தக் கணக்குப் பிள்ளையும் இரண்டாவதைத்தான் சொல்வார்.

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த டேவிட் பிஷப் வேறு மாதிரி கணக்குப் போட்டார். தயாரானது 5 லட்சம் கார். அதில் இன்னும் ஓடுபவை ஏராளம். 1930-ல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப், 1973-ல் தொடங்கிய எம்.ஜி. ஓனர்ஸ் கிளப் என்று சங்கங்கள் இருப்பதால், வாங்குபவர்கள் யார், எங்கே என்பதும் தெரியும். தப்பிப் பிழைத்திருந்த அசல் அச்சுகளைத் தேடிச் சேர்த்தார். 1988-ல் ஃபேரிங்டன் என்ற ஊரில் எம்.ஜி.பி. பாடி மறுபடியும் தயாரானது. இற்றுப்போன காரிலிருந்து என்ஜின், ஆக்சில், சீட், ஒயரிங் எல்லாவற்றையும் கழற்றிப் புது பாடியில் மாட்டிக்கொள்ளலாம்.

1989-ல் மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5 வந்து, இந்த மாதிரிச் சிறிய திறந்த கார்களுக்கு உலகம் முழுக்க இன்னும் ஆள் இருக்கிறது என்று காட்டியது. எம்.ஜி. பெயரை வைத்திருந்த ரோவர் நிறுவனம் விழித்துக்கொண்டது. பொழுதுபோக்குக்காரர்களுக்காகத் தயாரான அந்தப் பாடியையே அடிப்படையாக வைத்து 1992-ல் எம்.ஜி. ஆர்.வி.8 என்ற புது காரை வெளியிட்டது. 1995 வரை தயாரானவை சுமார் 2,000. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஜப்பானுக்குப் போயின. உதிரிபாகத்திலிருந்து ஒரு கார் பிறந்தது!

இது அதே காரா?

பாடி புதிது, சில் புதிது, பெயின்ட் புதிது. அப்படியானால் அது பழைய காரா, புது காரா? பாட்டி கத்திக்கு அம்மா பிடி மாற்றி, மகள் அலகு மாற்றினால் அது யார் கத்தி என்பது போன்ற கேள்வி இது. பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம், பெரிதாக மாற்றப்பட்ட வண்டிகளுக்குப் பல வருடம் மதிப்பெண் போட்டது. பழைய பதிவு எண் வேண்டுமானால் 8 மதிப்பெண் வேண்டும். அசல் பாடி, அல்லது அதே அளவில் கம்பெனியே செய்த புது பாடி இருந்தால் 5. ஸ்டியரிங்குக்கு 2, ஆக்சிலுக்கு 2. என்ஜினுக்கு வெறும் 1.

சட்டத்துக்கு மதிப்பெண் போதும், ஆசைக்குப் போதாது. ரப்பர் பம்பரைக் கழற்றிவிட்டுப் பழைய குரோம் பம்பர் மாட்டுபவர்கள் ஒரு பக்கம். 1975-ல் அப்படித்தான் வந்தது, அதுவும் வரலாறுதானே என்று ரப்பரைக் காப்பாற்றுபவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. காரை அழகாக்குபவர் அதன் வயதை அழிக்கிறார். வயதைக் காப்பவர் துருவோடு வாழ வேண்டியிருக்கிறது.

லாப நட்டக் கணக்கு

எம்.ஜி.பி. வந்த அதே 1962-ல் இத்தாலியில் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. வந்தது. மொத்தமே 36 கார். 2018-ல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அதில் ஒன்று 4.84 கோடி டாலருக்கு விற்றது. அதற்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் கடைந்து எடுக்கப் பணம் இருக்கிறது. எம்.ஜி.பி. அப்படி இல்லை. ஒரு காரை முழுதாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, முடிந்த பின் அது விற்கும் விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். இதில் உழைத்த நேரத்துக்குக் கூலியே சேர்க்கவில்லை.

ஆனாலும் அந்தக் கார் சாகவில்லை. ஃபெராரி பிழைத்தது விலை அதிகம் என்பதால். எம்.ஜி.பி. பிழைத்தது விலை குறைவு என்பதால். விலை குறைவு என்பதால் நிறைய பேர் வாங்கினார்கள். நிறைய பேர் வாங்கியதால் ஒரு சின்ன ரப்பர் வாஷரைக்கூடச் செய்து விற்பது வியாபாரமானது. பாகம் கிடைத்ததால் இன்னொருவர் துணிந்து ஒரு துருப்பிடித்த காரை வாங்கினார். தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் நட்டம். எல்லோரும் சேர்ந்து ஒரு சந்தையை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அபிங்டனில் மூடிய கதவு மறுபடி திறக்கவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் போன வேலை போனதுதான். அதை எந்தப் பொழுதுபோக்கும் திருப்பித் தரவில்லை. மிஞ்சியது அவர்கள் செய்த பொருள். 2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பும் நின்றது. கம்பெனி கைவிட்ட ஒரு கார் அதற்குப் பின் எத்தனை காலம் ஓடும் என்பதைக் கம்பெனி முடிவு செய்வதில்லை. அதை இரும்பு விலைக்குப் போட மறுப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் முடிவு செய்கிறது.