அண்ணன், தம்பி, கும்பினிப் படை: நெற்கட்டான்செவல் சொல்லும் கணக்கு

மேற்காசியாவில் எங்கே குண்டு விழுந்தாலும் நம் ஊர் டீக்கடையில் பதில் தயாராக இருக்கும். "அது சன்னி, ஷியா சண்டைப்பா!" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் இப்போது, ஆயுதம் யார் கொடுத்தது, கடைசியில் பணம் கட்டப்போவது யார் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? ஏமனுக்கும் சிரியாவுக்கும் போகுமுன் தென்காசிப் பக்கமே ஒரு பழைய கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் பின்னணி. 17ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் வடபகுதியைப் பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்கள் பங்குபோட்டிருந்தார்கள். கோல்கொண்டா அரச குடும்பம் ஷியா. அதன் முதன்மை மந்திரியோ மாதண்ணா என்ற பிராமணர். 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி தெற்கே வந்து பீஜப்பூர் வசமிருந்த செஞ்சியைப் பிடித்தபோது அவருக்குப் பண உதவி செய்தது இந்தக் கோல்கொண்டாதான். 1686-ல் பீஜப்பூரையும் 1687-ல் கோல்கொண்டாவையும் ஔரங்கசீப் விழுங்கினார். அவர் சன்னி. எனவே இதை சன்னி, ஷியா போர் என்று எழுதிவிடலாம். ஆனால் ஔரங்கசீப்பின் படையில் ராஜபுத்திரர்களும் இருந்தார்கள், ஷியா தளபதிகளும் இருந்தார்கள். மதப் பிரிவு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கையில் கிடைத்ததோ தக்காணத்தின் வருவாய்!

அந்த வெற்றியின் தொடர்ச்சியாகத்தான் ஆற்காடு நவாப் பதவி வந்தது. 1748-ல் ஐதராபாத் நிஜாம் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. ஆற்காட்டுக்கு ஒரு பக்கம் சந்தா சாகிப், இன்னொரு பக்கம் அன்வருதீன். இரண்டு தரப்பும் முஸ்லிம்களே. 1749-ல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட, அவர் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடினார். சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள், முகம்மது அலிக்கு ஆங்கிலேயக் கும்பினி என்று ஆளுக்கொரு வெளிநாட்டுப் படை துணைக்கு வந்தது. 1752-ல் சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டது. முகம்மது அலி ஜெயித்தார்.

ஜெயித்தவருக்கு அடுத்த பிரச்சினை, கும்பினிப் படையின் செலவுக் கணக்கு. படை சும்மா வராது. அந்தப் பணத்தை எங்கிருந்தாவது வசூலிக்க வேண்டும். அப்போதுதான் பார்வை திருநெல்வேலிச் சீமைப் பாளையங்கள் பக்கம் திரும்பியது.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை தெற்கே வந்தது. கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான். சிப்பாய்களின் தளபதியாக யூசுப்கான், அதாவது மருதநாயகம். மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மாபூஸ்கானிடம் விடப்பட்டன. கப்பம் கட்ட மறுத்தவர்களில் முக்கியமானவர் நெற்கட்டான்செவல் பாளையக்காரர் பூலித்தேவர். ஹெரான் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். பின்னர் இராணுவ நீதிமன்ற விசாரணையில் வேலையும் போயிற்று.

இனிமேல்தான் கதையே சூடு பிடிக்கிறது. 1756-ல் திருநெல்வேலி அருகே பூலித்தேவர் தரப்பும் மாபூஸ்கானும் மோதினார்கள். பூலித்தேவரோடு நின்றவர்களில் நவாபுக்கு அடங்காத பட்டாணிய முஸ்லிம் தலைவர்களும் உண்டு. மாபூஸ்கான் பக்கம் இந்துப் பாளையக்காரர்களும் உண்டு. கொஞ்ச காலத்தில் மாபூஸ்கானே தம்பியோடு பிணங்கிக்கொண்டு பூலித்தேவரோடு சேர்ந்துவிட்டார்! ஒரே தகப்பன் பிள்ளைகள், ஒரே மதம், ஒரே பிரிவு. ஆனால் அண்ணன் மறவர் பாளையத்தில், தம்பி கும்பினியோடு.

திருவிதாங்கூரும் சும்மா இருக்கவில்லை. முதலில் பூலித்தேவரோடு இருந்த அந்த இந்து அரசு, 1759-ல் களக்காட்டுப் பகுதி தனக்குக் கிடைக்கும் என்றதும் யூசுப்கானோடு கைகோர்த்தது. அந்த ஆண்டு இறுதியில் இரண்டு படைகளும் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றன. 1760-ல் இலங்கையிலிருந்து டச்சுக்காரர்களும் தூத்துக்குடியில் படை இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1761-ல் நெற்கட்டான்செவலும் வாசுதேவநல்லூரும் யூசுப்கானிடம் வீழ்ந்தன. அதே யூசுப்கான் பிறகு நவாபையும் கும்பினியையும் எதிர்த்துப் பிரெஞ்சு உதவியைத் தேடினார். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தக் கதையில் மதத்தையோ பிரிவையோ வைத்து யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியுமா? முடியாது. குத்தகை, எல்லை, பதவி என்று வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்சி மாறலும் புரிகிறது.

இப்போது ஏமனுக்குப் போவோம். 2015 மார்ச்சில் சவுதி தலைமையிலான கூட்டணி ஹூதிகள் மீது குண்டுவீசத் தொடங்கியது. ஹூதிகள் ஸைதி என்ற ஷியா பிரிவினர், ஈரான் ஆதரவு பெற்றவர்கள். சவுதி சன்னி. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் 1962-ல் தொடங்கிய ஏமன் உள்நாட்டுப் போரில் இதே சவுதி, ஸைதி இமாமின் ஆட்களுக்குத்தான் பணமும் ஆயுதமும் கொடுத்தது. எதிர்ப்பக்கம் படை அனுப்பியது சன்னி நாடான எகிப்து. பிரிவு மாறவில்லை, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்ற கணிப்புதான் மாறியது. ஷியா ஈரான், ஷியாக்கள் அதிகமுள்ள அஜர்பைஜானை விடக் கிறிஸ்தவ அர்மீனியாவோடு நெருக்கம் காட்டிவந்ததும் இதே வகைதான்.

அப்படியானால் பிரிவுப் பகை வெறும் கட்டுக்கதையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2003-ல் அமெரிக்கப் படை இராக்கில் நுழைந்து அரசைக் கலைத்த பிறகு, 2006-ல் சமாராவில் ஷியாக்களின் புனிதத் தலம் தகர்க்கப்பட்டது. தொடர்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரையொருவர் கொன்றார்கள். பெயரைக் கேட்டே ஆளைச் சுட்ட காலம் அது. அந்தப் பயமும் ரத்தமும் நிஜம். ஆனால் நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்தவர்கள் அந்த ஆண்டுகளில் ஏன் எதிரிகளானார்கள் என்பதற்கு 1,300 வருடப் பழைய வாரிசுப் பிரச்சினை மட்டும் பதிலாகாது. காவலுக்கு அரசு இல்லாதபோது மனிதன் தன் கூட்டத்தைத் தேடி ஓடுகிறான். அந்தக் கூட்டத்துக்கு ஆயுதம் தர வெளியே ஆள் காத்திருக்கிறான். சென்னை ஆயிரம் விளக்கில் இருக்கும் ஷியா பள்ளிவாசல், சன்னிகளான ஆற்காடு நவாப் குடும்பத்தின் ஆதரவில் எழுந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக அந்தச் செலவுக் கணக்கு. கும்பினியை அழைத்த முகம்மது அலி கடனிலேயே மூழ்கினார். 1781-ல் கர்நாடகத்தின் வரி வசூல் கும்பினி கைக்குப் போனது. 1801-ல் அவர் வாரிசுகளிடமிருந்து நிர்வாகம் மொத்தமும் பறிபோனது. தோற்ற பூலித்தேவரின் கோட்டையும் இல்லை, ஜெயித்த நவாபின் ஆட்சியும் இல்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்து வரி கட்டியது, இந்தச் சண்டைகளில் எதையுமே கேட்டு வாங்காத திருநெல்வேலிச் சீமை விவசாயி.

எனவே அடுத்த முறை தொலைக்காட்சியில் சன்னி, ஷியா என்று வரைபடத்தில் இரண்டு வண்ணம் பூசிக் காட்டினால், கூடவே இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் படையை அழைத்தது யார்? அதன் செலவு யார் தலையில் விழப்போகிறது?