நைலிலிருந்து செங்கடலுக்கு ஏழு நாட் பாதை

எகிப்து தேசத்தைக் காணச் செல்வோர் பலர் இக்காலத்தில் தங்கள் ஒரு வார விடுமுறையை இரண்டாகப் பகுத்துக்கொள்கின்றனர். முதல் நான்கு நாளும் நைல் நதிக்கரையில், லக்சோரிலும் கர்நாக்கிலும், கோயில்களையும் அரசர் கல்லறைகளையும் காண்பர். எஞ்சிய நாட்களைச் செங்கடற் கரையிலுள்ள ஹூர்காடா போன்ற பட்டினங்களில் நீராடியும் மணலிற் கிடந்தும் கழிப்பர். நதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள பாலைவனத்தை மோட்டார் வண்டி நாலைந்து மணி நேரத்திற் கடந்துவிடுகிறது. அவ்வேளையில் வண்டிக்குள் இருப்போர் பெரும்பாலும் உறங்கிவிடுவர். அன்பர்களே, அவர்கள் உறங்கிக் கடக்கும் அந்த இடைவெளியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். பழங்காலத்தில் அதைக் கடப்பதற்கே ஒரு வாரம் வேண்டியிருந்தது.

நைல் நதி கிழக்கே வளைந்து செங்கடலை நெருங்கி வரும் இடத்தில் கொப்தோஸ் என்னும் நகரம் இருந்தது. அங்கிருந்து வாதி ஹம்மாமாத் எனப்படும் வறண்ட மலைக் கணவாய் வழியாகக் குசேர்க் கடற்கரைக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். வழியிற் பயிரில்லை, நிழலில்லை. தோண்டினால் மட்டுமே தண்ணீர். ஆயினும் கணவாயின் பாறைகளெங்கும் எழுத்து நிறைந்திருக்கிறது.

அப்பாறைச் சாசனங்களுள் ஒன்று ஹென்னு என்னும் அதிகாரி வெட்டுவித்தது. கி. மு. 2000 ஆம் ஆண்டளவில், மூன்றாம் மெந்துஹோதெப் அரசனுடைய ஆணைப்படி, அவன் 3,000 பேருடன் இவ்வழியே கடலுக்குச் சென்றான். ஒவ்வொருவனுக்கும் ஒரு தோற்பை, இரண்டு குடம் தண்ணீர், நாளொன்றுக்கு 20 அப்பம் எனப் படி அளந்தமையையும், வழியிலே கிணறுகள் தோண்டுவித்தமையையும் அவன் பெருமையோடு குறித்திருக்கிறான். கடற்கரையை அடைந்ததும் கப்பல் கட்டி, வெள்ளைப்போளம் முதலிய வாசனைப் பொருள்களுக்காகப் புந்து தேசத்துக்கு அனுப்பினான். வெற்றிச் சாசனங்கள் வேறு பலவும் இருக்க, அப்பத்தையும் தண்ணீரையும் எண்ணிச் சொல்லும் இந்தச் சாசனமே என் மனத்தை அதிகம் கவர்கிறது.

கடற்கரையில் மரம் ஏது? நைற்கரையிற் செய்த கப்பற் பலகைகளைக் கழற்றி, மனிதரும் கழுதைகளும் சுமந்து வந்து, கரையில் மீண்டும் பொருத்தினர். குசேருக்கு வடக்கே மெர்சா கவாசிஸ் என்னுமிடத்தில் இதற்குச் சான்று கிடைத்தது. அங்குள்ள குகைகளை 2004 ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தோர், கடற்புழு துளைத்த கேதாரு மரப் பலகைகளையும், மாலுமிகள் சுருட்டி வைத்தபடியே நாலாயிரம் ஆண்டாகக் கிடந்த கயிறுகளையும் கண்டனர்.

கி. மு. பதினைந்தாம் நூற்றாண்டில் அரசி ஹத்செப்சுத் புந்து தேசத்துக்குக் கப்பல்கள் அனுப்பினாள். அச்செய்தி லக்சோருக்கு எதிர்க்கரையிலுள்ள அவளுடைய கோயிற் சுவரிலே செதுக்கப்பட்டிருக்கிறது. பாய் விரித்த கப்பலும், அதன் கீழே நீந்தும் மீனும், வேரோடு கூடையில் வைத்துச் சுமந்து வரும் மரமும் அங்கே உண்டு. நதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள பாலைவனம் மட்டும் இல்லை. அந்தச் சுவரின் முன்னே வியந்து நிற்கும் பிரயாணிகளுக்கு இக்குறை புலப்படுவதில்லை.

சுவர் சொல்லாததைப் பாறை சொல்லுகிறது. கி. மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நான்காம் இராம்சேஸ் கரும்பச்சை நிறக் கல் வெட்டிவர எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களை இக்கணவாய்க்கு அனுப்பினான். சென்றவர்களின் தொகையை வகைவகையாகக் கூறும் அந்தச் சாசனம், இறந்தோர் 900 பேர் என்றும் கணக்கு எழுதுகிறது. ஒருவருடைய பெயரும் இல்லை. இக்கணவாயின் மலைகளையும், பொன் விளையும் இடங்களையும், கல்வெட்டும் இடத்தையும் வேறுவேறு நிறத்தாற் காட்டும் பாப்பிரசுப் படம் ஒன்று இத்தாலியிலுள்ள தூரின் நகர நூதனசாலையில் இருக்கிறது. அதுவும் அவ்வரசன் காலத்ததே.

பின்னர் ஒட்டகம் வந்தது. உரோமர் ஆட்சியும் வந்தது. கொப்தோசிலிருந்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்துக்கு ஆறு அல்லது ஏழு நாள் என்று ஸ்திராபோ என்னும் புவியியலறிஞர் எழுதியுள்ளார். முற்காலச் சாத்துகள் மாலுமிகளைப்போல் நட்சத்திரம் பார்த்து இரவிலே சென்றன என்றும், தம் காலத்தில் அத்துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போயின என்றும் அவர் கூறுகிறார். திரும்பிய கப்பல்களில் மிளகு வந்தது. தெற்கேயுள்ள பெரெனிகே என்னும் மற்றொரு துறையில், கோயில் நிலத்திற் புதைந்திருந்த இந்தியத் தாழியொன்றில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட கருமிளகு இருந்தது.

இவ்வழிக்கும் ஈழத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1800 ஆம் ஆண்டின் முடிவில் ஆங்கிலேயர் திருகோணமலையிலே ஒரு படையைத் திரட்டினர். அப்படை பின்னர், நெப்போலியன் எகிப்தில் விட்டுச்சென்ற பிரெஞ்சுச் சேனையை எதிர்ப்பதற்காகப் பம்பாய் வழியாகச் செங்கடலுக்கு அனுப்பப்பட்டது. 1801 யூன் மாதத்தில், தளபதி டேவிட் பெயாட்டின் தலைமையில், ஆங்கிலச் சிப்பாய்களும் இந்தியச் சிப்பாய்களும் குசேரில் இறங்கினர். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்தே நைலை அடைந்தனர். அவர்கள் போய்ச் சேருமுன் கெய்ரோவிலிருந்த பிரெஞ்சுப் படை பணிந்துவிட்டது. அவர்களுக்கு நேர்ந்த பெரும் போர் பாலைவனத்தோடுதான்.

1869 இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து சென்ற கப்பல்கள் குசேரைத் திரும்பியும் பாராமல் வடக்கே போயின. பழைய துறைமுகம் மணலுக்கடியிற் கிடந்தது. 1978 ஆம் ஆண்டிலிருந்து அதை அகழ்ந்தபோது பானையோடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சில ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையவை. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. ஒன்றிலே கணன், மற்றொன்றிலே சாதன் என்னும் பெயர்கள். பிற்பட்ட அகழ்வில் மேலும் ஓர் ஓடு கிடைத்தது. அதிலிருப்பது ஆட்பெயரன்று, 'பானை ஒறி' என்று இருமுறை எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் வாசித்தார். ஒறி என்றது நம் வீட்டு அடுக்களையில் தயிர்ப்பானை தொங்கும் உறியையே.