குவளைகள் காட்டிய கணக்கு

தெளிப்பான் சுழன்று நீர் சொரிவதைக் காண்போர், நிலமெங்கும் ஒரே சீராக மழை பொழிவதாகவே எண்ணுவர். நீரின் வேகத்தாலேயே தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானைக் கலிபோர்னியாவில் 1933இல் ஆர்ட்டன் எங்கல்ஹார்ட் என்னும் தோட்டக்காரர் அமைத்தார். அந்நீர் எங்கும் சமமாக விழுகின்றதா என்பதற்கு அளவுகோல் தந்தவர் கிறிஸ்டியன்சன் என்னும் பொறியியலறிஞர். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1942இல் அவருடைய ஆய்வை வெளியிட்டது.

முறை மிக எளியது. வயலில் சம இடைவெளியில் குவளைகளை வைத்து, விழுந்த நீரை அளக்க வேண்டும். நான்கு குவளைகளில் முறையே 8, 9, 11, 12 மில்லிமீட்டர் நீர் என்று கொள்வோம். சராசரி 10. அதனின்று விலகியவற்றின் கூட்டுத்தொகை 6. மொத்த நீர் 40. ஆறு, நாற்பதில் நூற்றுக்குப் பதினைந்து. எஞ்சிய 85 சீர்மை எண்.

காற்று வலுத்தால் இவ்வெண் வீழ்ந்துவிடும். வாடிய மூலையைக் கண்டு உழவர் மேலும் நீர் பாய்ச்சுவார். ஏனைய இடங்களிலோ அது வேருக்கும் கீழே இறங்கி வீணாகும்.

நம் குடகுக் காப்பித் தோட்டங்களில் பூமழை பொய்த்தால் தெளிப்பான்களே துணை. ஆங்கே போதிய நீர் பெறாத செடியில் மொட்டுகள் செவ்வனே விரிவதில்லை. விரியாத மொட்டில் காயும் இல்லை.