பூட்டு திண்டுக்கல்லு... கைப்பிடி நம்ம கையால! பழைய பெட்டிக்கு மரக் கைப்பிடி செய்வது எப்படி?

பூட்டுன்னு சொன்னாலே திண்டுக்கல்தான் ஞாபகத்துக்கு வரும். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று ஊர் ஊராகப் பேர் வாங்கிய அந்தக் கைவேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், அந்தப் பூட்டு தொங்குகிற பெட்டியில், அலமாரியில் நம் கை தினமும் படுகிற இடம் எது? கைப்பிடிதான். முதலில் உடைவதும் அதுதான்!

கைப்பிடி கழன்றதும் கயிறு கட்டி இழுப்போம். கொஞ்ச நாளில் 'பழசாயிடுச்சு' என்று தேக்குப் பெட்டியையே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவோம். ஆசாரி பட்டறையில் கிடக்கும் ஆறு அங்குல மரத்துண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் அந்தப் பெட்டியைக் காப்பாற்றிவிடலாம். எப்படின்னு பார்க்கலாமா?

எந்த மரம் நல்லது?

கைப்பிடிக்கு வேண்டியது அழகைவிட உறுதி. தேக்கு, பூவரசு, வேம்பு, புளி எல்லாமே நம் பக்கம் கிடைப்பவைதான். தேக்கு செதுக்க சுகமானது, எளிதில் முறுக்கிக்கொள்ளாது. பூவரசு இழை நெருக்கமானது. தேய்க்கத் தேய்க்க வழவழப்பு வரும். வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால், நன்றாகக் காயாவிட்டால் வளைந்துவிடும். புளி கடினம். கறிக்கடையில் கத்தி வெட்டு வாங்கிக்கொண்டு கிடக்கிற மரமுட்டி பெரும்பாலும் புளிதானே! உழைக்கும், ஆனால் உங்கள் உளியையும் சோதிக்கும். முதல்முறை செய்பவர்கள் தேக்கிலோ பூவரசிலோ தொடங்குங்கள். முருங்கை, முள்முருங்கை போன்ற மென்மரங்கள் வேண்டவே வேண்டாம்.

பச்சை மரத்தில் செய்யாதீர்கள். காயும்போது சுருங்கி, திருகாணியைச் சுற்றி வெடிப்பு விடும். பழைய நிலை, ஜன்னல் சட்டம் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் துண்டு என்றால் ரொம்ப நல்லது. ஆணி ஏதும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இழையைப் பாருங்கள்

விறகைப் பிளந்திருப்பீர்கள். இழையோடு போட்டால் ஒரே போடில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் கோடாரி திரும்பிவிடும். கைப்பிடியின் ரகசியமும் இதுதான். மரத்தின் இழை, கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். இழை குறுக்கே இருந்தால், ஒருநாள் வேகமாக இழுக்கும்போது 'பட்'டென்று நடுவில் ஒடியும்.

நீளவாக்கில் இழை ஓடினாலும், பெட்டியைத் தொட்டு நிற்கும் இரண்டு பாதங்களில் இழை குறுக்காகத்தான் அமையும். அதனால் பாதங்களை ஒல்லியாகச் செதுக்காதீர்கள். ஒரு அங்குல அகலமாவது விடுங்கள்.

அளவு என்ன?

பழைய ஓட்டைகள் இருந்தால், இரண்டின் மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை முதலில் அளந்துவிடுங்கள். கடையில் விற்கும் கைப்பிடிகளில் இது பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர் இருக்கும். 128 என்பது ஏறக்குறைய 5 அங்குலம். அதற்கான அளவு இதோ:

- மரத்துண்டு: நீளம் 6 அங்குலம், உயரம் ஒன்றரை அங்குலம், கனம் 1 அங்குலம்
- இரு முனையிலும் பாதம்: தலா 1 அங்குலம்
- நடுவில் விரல் நுழையும் இடைவெளி: 4 அங்குல நீளம், 1 அங்குல ஆழம்
- மேலே மிஞ்சும் பிடி: அரை அங்குலம்

நான்கு விரலும் தாராளமாக நுழைய இது போதும். ஆழத்தைக் குறைத்தால் விரல் முட்டி கதவில் இடிக்கும்.

செய்முறை

1. துண்டு சதுரமாக இருக்கும்போதே திருகாணி ஓட்டைகளைப் போட்டுவிடுங்கள். வளைவு செதுக்கிய பிறகு டிரில் நேராக நிற்காது. 4 மி.மீ. திருகாணிக்கு 3 மி.மீ. ஓட்டை, 22 மி.மீ. ஆழம். பிட்டில் அந்த அளவுக்கு டேப் சுற்றிக்கொண்டால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வராது.

2. இடைவெளியைப் பென்சிலால் வரைந்து, பாதத்தின் கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ரம்பத்தால் அறுங்கள். நடுவிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டு போடுங்கள். ஆழக்கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும்.

3. வெட்டுகளுக்கு இடையே நிற்கும் பற்களை உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் தட்டி எடுங்கள். ஒரே பக்கமாகத் தட்டினால் மறுபக்கம் சிதறும். இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக எடுங்கள்.

4. அரைவட்ட அரத்தால் உள்மூலைகளை வளைவாக ராவுங்கள். சரியான செங்கோணமாக விட்டால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

5. பிடியின் நான்கு விளிம்பையும் சாய்வாகச் சீவினால் எட்டுப் பட்டை வரும். அதன் முனைகளையும் மழுக்கினால் உருண்டை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே இன்னும் ராவ வேண்டும்.

6. உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில், இழையோட்டத்திலேயே தேயுங்கள். கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்திருந்த இழைத் தும்பு எழும். அதையும் தேய்த்துவிட்டால் பட்டுதான்.

மெருகு

தேங்காய் எண்ணெய் காயாது. நல்லெண்ணெயும் சரியாகக் காயாமல் பிசுபிசுத்து, தூசியைச் சேர்க்கும். ஹார்டுவேர் கடையில் 'லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள், ஆளிவிதை எண்ணெய்தான். மரத்துக்கென்று காய்ச்சியதாக இருந்தால் சீக்கிரம் காயும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை. அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் பளபளப்புத் தரும். ஆனால், தினமும் வியர்வைக் கை படுகிற இடத்தில் சீக்கிரம் மங்கிவிடும்.

இதை மட்டும் மறந்துடாதீங்க: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. காயும்போது அதுவே சூடாகி, தானாகத் தீப்பிடிக்கும். வெளியே தரையில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு போடுங்கள்.

பொருத்தும்போது

18 மி.மீ. கதவுக்கு 40 மி.மீ. நீளத் திருகாணி சரி. கதவில் நாலரை மி.மீ. ஓட்டை போட்டு, உள்பக்கமிருந்து வாஷரோடு முடுக்குங்கள். திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவினால் மரம் பிளக்காமல் இறங்கும்.

கதவு ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்து, அதன் இழைக்குக் குறுக்கே கைப்பிடி வைக்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். கைப்பிடியோ நீளவாக்கில் அசையாது. இந்த இழுபறியில் இரண்டில் ஒன்று வெடிக்கும். கதவில் உள்ள ஓட்டைகளில் ஒன்றைச் சற்று நீள்வட்டமாக ராவிவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

இந்தக் கைப்பிடி கதவு, இழுப்பறை, பெட்டி மூடி ஆகியவற்றுக்குத்தான். பாத்திரம் நிரப்பிய பெட்டியைத் தூக்குவதற்குப் பக்கவாட்டில் வைப்பதென்றால் மரத்திருகாணியை நம்பாதீர்கள். பிடியையும் பாதங்களையும் இன்னும் கனமாக வைத்து, பலகை, பாதம் இரண்டையும் முழுக்கத் துளைத்துச் செல்லும் போல்ட், இருபுறமும் வாஷர், நட்டு போட்டு முடுக்குங்கள். பாதி வழியில் கைப்பிடி கழன்றால் பெட்டி விழுவது காலில்தான்!

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும்போது கைப்பிடிக்கும் ஒரு கை எண்ணெய் பூசி, திருகாணியை ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள். பூட்டுக்கும் அன்றைக்கே இரண்டு சொட்டு. அவ்வளவுதான்!