ஒரு வரி விடுபட்ட பத்திரம்



போன வாரம் அமெரிக்காவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். வீட்டுக் கடன் கம்பெனியில் 'மார்ட்கேஜ் க்ளோசர்' வேலையாம். கடன் மஞ்சூரான பிறகு கணக்கைச் சரிபார்த்து, பத்திரம் தயார் செய்து, கையெழுத்து வாங்கி, பணம் கைமாறும் வரை அவர் பொறுப்பு. கடன் கோப்புகளில் பல வருஷம் புழங்கியவர்களைத்தான் எடுப்பார்களாம். "நம்ம போடியில இப்படி ஆள் இருந்தாங்களா சார்?" என்றார். போனில் சொல்லி முடியவில்லை.

இருந்தார்கள். பத்திர எழுத்தர் என்று பெயர். 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டப்படி, மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் தவிர, 100 ரூபாயோ அதற்கு மேலோ அடமானம் என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். இரண்டு சாட்சிகளாவது கையெழுத்துப் போட வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவர் எழுத்தரைத் தேடும்போது அழகான கையெழுத்து இரண்டாம் பட்சம். எந்தத் தோட்டம் யார் கையிலிருந்து வந்தது, எந்த அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். வாயும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். எழுத்தரைக் கூப்பிடுவது கடன் கொடுப்பவர். எழுத்துக் கூலி கொடுப்பது கடன் வாங்குபவர். உரிமம் பற்றிய விதிகள் 1982இல்தான் வந்தன.

கடல் கடந்து லேவாதேவி நடத்திய நகரத்தார் ஆள் எடுப்பதை ஒரு முறையாகவே வைத்திருந்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, பிறகு மேலாளாக மூன்று வருஷக் கணக்கில் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ அனுப்புவார்கள். எங்கள் ஊரில் அந்த ஏணியெல்லாம் கிடையாது. தெரிந்த ஆள், அவ்வளவுதான்.

ஏலத் தோட்டம் என்றால் சிக்கல் இரட்டிப்பு. முதலாளி வீடு போடியில். தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். அது முன்பு திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 முதல் கேரளம். நிலம் எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. மேலே பல நிலங்கள் ஏலம் பயிரிட மட்டும் அரசு கொடுத்த குத்தகை. எதை ஈடு வைக்கலாம் என்பதையே வாசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவும் மலையாளத்தில். ஆகவே கடன் கொடுப்பவர்கள் கீழே ஒரு ஆள், மேலே ஒரு ஆள் என்று வைத்திருந்தார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1961, நான் ஐந்தாம் வகுப்பு. எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு அத்தைக்கு மலையடிவாரத்தில் இலவமரத் தோட்டம் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு 800 ரூபாய் கடன் வாங்கினார். எழுத்தர் எழுதியது அடமானம் அல்ல, கிரயப் பத்திரம். "பணத்தைக் கட்டுனதும் திருப்பி எழுதிக் குடுத்துருவாக ஆத்தா" என்று வாயால் சொன்னார்கள். என் அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி கையெழுத்தைப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை என்பது அந்தக் காலப் பழக்கம். சட்டத்திலும் சாட்சிக்கு உள்விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

1929ஆம் வருஷத் திருத்தம் ஒன்று உண்டு. திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். அந்த ஒரு வரி இல்லை. இரண்டு வருஷம் கழித்து அத்தை பணத்தோடு போனபோது, "வித்த நெலத்துக்கு எதுக்குத்தா பணம்?" என்று கேட்டார்கள். வக்கீலும் கையை விரித்துவிட்டார்.

இன்று வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள வக்கீலிடம் வில்லங்கமும் மூலப் பத்திரமும் பார்த்துக் கருத்து வாங்குகின்றன. பொதுவாக வக்கீலைத் தேர்ந்தெடுப்பது வங்கி, கட்டணம் நம்முடையது. அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுக் கடன்களுக்குக் கையெழுத்துப் போட மூன்று வேலை நாள் முன்னதாகவே முழுக் கணக்கையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். 2015 முதல் அப்படி விதி. மாணவர் இதைச் சொன்னபோது சிறிது நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. அப்பாதான் அவர் வரும் நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. என் கல்யாணப் பதிவுக்குக்கூட மாமாவைத்தான் போடச் சொன்னார்.