எண்ணிட்ட வட்டங்களின் ஊர்

பழைய நகரொன்றின் தெருப்பெயர்களைப் படித்தாலே அதன் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். மதுரையைப் பாருங்கள். கோயிலைச் சூழ்ந்து ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று திங்கள்களின் பெயரால் வீதிகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நெய்வேலிக்கு முதன்முறை சென்றபோது நானும் அவ்வாறே பெயர்களைத் தேடினேன். கிடைத்தவை எண்களே. 5-ஆம் வட்டம், 16-ஆம் வட்டம் என்றுதான் வழி சொன்னார்கள். வட்டம் என்பதும் பெயரளவில்தான். சாலைகளோ நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. எண்ணுக்கு ஏது வரலாறு என்று சலித்துக் கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பின்னர்தான் தெரிந்தது.

1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப்படுகை கண்ணிற்பட்டது. மறு ஆண்டே சோவியத் நாட்டின் துணையுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரலாயிற்று. அறுநூறு மெகாவாட் வரை வளர்ந்து, தலைமுறை கடந்து உழைத்த அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது.

இவையெல்லாம் ஏடுகளில் உள்ளவை. நான் சொல்ல விழைவது வேறு. மற்ற நகரங்களில் மண்ணைத் தோண்டினால் பழைய ஓடு, செங்கல், காசு என மனிதன் விட்டுச்சென்ற தடங்கள் அடுக்கடுக்காய்க் கிடைக்கும். நெய்வேலியில் நூற்றைம்பது அடிக்கும் கீழே கிடைப்பது, மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னர் நின்றிருந்த காடு! அதை எட்டுவதற்காக, மேலே இருந்த மனிதனின் அடுக்கு முழுவதும் அள்ளப்படுகிறது. மாபெரும் சக்கர இயந்திரம் வயலையும் வாசலையும் வேறுபாடின்றி வாரிச் செல்கிறது. கரி எடுத்தபின் அதே மண் பின்புறத்துப் பள்ளத்தில் கொட்டப்பட்டு, மரமும் நடப்படுகிறது. மண் திரும்பி வருகிறது, ஊர் திரும்புவதில்லை. நாட்டுக்கு ஒளி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அதன் விலையைக் கணக்கிடுகையில், பெயர்ந்து போன குடும்பங்களின் பெயர்களும் அதில் இடம் பெறவேண்டும் அல்லவா?

நகரியத்துள் புதிய கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள் பல உண்டு. நடராசர் கோயிலில் ஓர் ஆராய்ச்சி மணி தொங்குகிறது; தம் குறையைத் தாளில் எழுதிப் பெட்டியிலிட்டு மணியடிப்பது அங்கு வழக்கம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை அறிந்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். ஆனால் இங்கே பழமைக்குச் சான்றாக நிற்பது வில்லுடையான்பட்டு முருகன் கோயில். ஊரின் பெயரே சொல்லுகிறதே, வில்லேந்திய முருகன்! எண்களுக்கு முன்பிருந்த ஊரின் பெயரை அக்கோயில் காத்துத் தந்திருக்கிறது.

அங்கே பங்குனி உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தினிடையே ஒரு முதியவரோடு பேசினேன். “தங்கள் ஊர் எது, ஐயா?” என்றேன். பெயரைச் சொன்னார், நான் கேட்டறியாத பெயர். “எந்தப் பக்கம்?” என்றேன். தோளிலிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, சுரங்கம் இருக்கும் திசையில் கை நீட்டினார். மறுநாள் சுரங்க விளிம்பில் நின்று அத்திசையை நோக்கினேன். அவர் பிறந்த வீடு இருந்த உயரத்தில் பருந்து ஒன்று வட்டமிட்டுக் கொண்டிருந்தது.